எறியிறது காலடா

எங்கள் பள்ளிக்கூடத்தில் பரிதிவட்டம், அதாவது சுழன்று எறியும் தட்டு, ஒன்றே ஒன்றுதான். மரத்தட்டு, சுற்றிவர இரும்பு வளையம். வளையம் ஒரு பக்கம் கழன்று, எறியும்போது கிலுகிலு என்று சத்தம் போடும். எறிந்தவனே ஓடிப்போய் எடுத்து வரவேண்டும். முளையும் கயிறும் வைத்து மணலில் கீறிய வட்டத்துக்குள் எங்கே சுழல்வது? கால் புதையும். விளையாட்டு வாத்தியார், எங்கள் சேர், விடமாட்டார். “எறியிறது கையில்லை, காலடா. இடது காலை முளை மாதிரி நடு!”

பதினோராம் வகுப்பு இல்லப் போட்டியில் கடைசி எறிதல் அருமையாகப் போனது. அது போகிற அழகைப் பார்த்தபடியே வட்டத்துக்கு முன்னால் காலை வைத்துவிட்டேன். சிவப்புக் கொடி. இல்லத்துக்கு மூன்று புள்ளி போனது. இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவர்கள் எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறார்கள்.

2009 ஓகஸ்ட்டில் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் உலக மெய்வல்லுநர் போட்டி, பரிதிவட்ட இறுதிச் சுற்று. வேலையிடத்து நண்பர் ஒருவர் ரிக்கெற் தந்ததால் போனேன். ஜேர்மனிக்காரர் ரொபேர்ட் ஹார்ட்டிங், கொட்புஸில் பிறந்தவர், இரண்டு மீற்றர் உயரம். போலந்தின் மலஹோவ்ஸ்கி 69.15 மீற்றர் எறிந்து முன்னுக்கு நிற்க, ஹார்ட்டிங்குக்கு மிச்சம் கடைசி எறிதல் ஒன்றுதான். சனம் எழும்பி நின்றது. நான் தட்டைப் பார்க்கவில்லை, இடது காலைத்தான் பார்த்தேன். 69.43! போட்டியின் சின்னமான கரடி பொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குள்ளே இருந்த பாவி மனிதன் என்ன பாடுபட்டானோ.

அதற்குப் பிறகு நான் அந்த மனிதரின் ஆள். 2011 இல் தேகு, 2013 இல் மொஸ்கோ, இரண்டிலும் உலகப் பட்டம். இடையில் 2012 லண்டன் ஒலிம்பிக். 68.27 எறிந்து, ஈரானின் ஹதாதியை வெறும் 9 சென்ரிமீற்றரால் முந்தித் தங்கம் எடுத்தார். சட்டையை இரண்டாகக் கிழித்தார். பெண்களின் 100 மீற்றர் தடை ஓட்டத்துக்கு அடுக்கி வைத்திருந்த தடைகளைக் கொடியோடு தாண்டி ஓடினார். நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடம்பு அப்படித் தாண்டுவதை ரீவியில் பார்த்தபோது சேர்தான் நினைவுக்கு வந்தார். கனடாவுக்கு உடனே போன் எடுத்தேன். வாழ்த்து, ஆரவாரம் ஒன்றும் இல்லை. “கால் எப்படி நட்டவன்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கால்தான் பிறகு காலை வாரியது. 2014 செப்ரெம்பரில் பயிற்சியின்போது இடது முழங்கால் தசைநார் அறுந்தது. வலக்கையால் எறிபவருக்குச் சுழன்று வரும் வேகம் முழுவதும் முட்டி நிற்பது அந்தக் காலில்தான். 2015 பருவம் முழுவதும் போயிற்று. சரி, 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்றால், அங்கே அறை விளக்கைக் காலால் அணைக்கப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்டது! இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. எந்தக் கதாசிரியராவது இப்படி எழுதினால் நாங்கள் நம்புவோமா? அதே போட்டியில் தம்பி கிறிஸ்ரொப் தன் கடைசி எறிதலில் 68.37 போட்டுத் தங்கம் கொண்டு போனார். ஒரு வீட்டுக்கு அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக் தங்கம். தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று என் மனைவிதான் கேட்டாள்.

2018 செப்ரெம்பர் 2, அதே பெர்லின் மைதானத்தில் விடைபெறும் போட்டி. இந்த முறை சொந்தக் காசில் ரிக்கெற், மகனும் கூட வந்தான். வென்றாரா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. கடைசித் தட்டு போனதும் நான் பழக்கதோஷத்தில் காலைப் பார்த்தேன். “அப்பா, தட்டு அங்கை போகுது, நீங்கள் எங்கை பாக்கிறியள்?” என்றான் மகன்.

சேருக்குப் போன் எடுத்து அதையும் சொன்னேன். சிரித்தார். பிறகு, “அவன் வட்டத்துக்கை நிண்டவன்தானே?” என்றார்.