சென்ட் போத்தல் சந்திப்பும் இறுகிக் கிடந்த ஒரு மூடியும்

பிரான்சில் சென்ட் போத்தல் சேர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஊர் மண்டபத்தில் மேசை போட்டுக் கூடுவார்கள். 'பூர்ஸ்' என்பது பெயர். பாதி விற்பனை, பாதி மாற்றிக்கொள்வது, மிச்சமெல்லாம் கதைதான். இந்த முறை நான் போனது நோர்மண்டி எல்லையில் பிரெல் ஆற்றங்கரையில் நடந்த ஒன்றுக்கு. முதல் நாளே பாரிசில் நம்மவர் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் வாங்கி வைத்த ரோல்ஸைக் கட்டிக்கொண்டு, கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, பொவே என்ற ஊரில் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

உலகத்து உயர்ரக சென்ட் போத்தல்களில் ஏறக்குறைய முக்கால்வாசி இந்தச் சின்னப் பள்ளத்தாக்கில்தான் செய்யப்படுகிறது என்பார்கள். பக்கத்திலேயே கடல் மணல், உலை எரிக்க 'ஊ' என்ற காட்டின் விறகு. அப்படி வந்து குடியேறிய தொழில். பொஷே என்ற கம்பனி 1623இல் தொடங்கியது, இன்றைக்கும் ஓடுகிறது. அதனால் மண்டபத்தில் சேகரிப்பவர்கள் மட்டுமில்லை, கண்ணாடி ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்களும் வந்திருந்தார்கள். மற்ற இடங்களில் போத்தலைக் கண்டதும் விலை கேட்பார்கள். இங்கே முதலில் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார்கள்.

முக்கால்வாசி மேசைகளில் மினியேச்சர்தான், விரல் அளவுப் போத்தல்கள், பெட்டியோடு. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை. 1928இல் வந்த 'சுவார் து பரி' என்ற சென்ட்டின் கருநீலப் போத்தல்களும் நிறையக் கிடந்தன. எங்கள் அம்மம்மாவின் அலுமாரியில் 'ஈவினிங் இன் பாரிஸ்' என்று இருந்தது இதேதான். மலிவாகக் கிடைத்தும் வாங்கவில்லை. நான் இப்போது தேடுவது கண்ணாடி மூடி உள்ளவற்றை மட்டும்.

நான் கொண்டுபோனது ஒரு பழைய ஷலிமார். கெர்லேன் கம்பனி 1925இல் வெளியிட்ட சென்ட். போத்தலின் வடிவம் ரேமொன் கெர்லேனுடையது. நீல விசிறி மாதிரி மூடி, குறுகிய கால். அந்த வடிவத்தை வௌவால் என்றே இங்கே கூப்பிடுகிறார்கள். இதைப் பக்கரா ஆலையும் செய்தது, பொஷேயும் செய்தது. அடியில் வட்டத்துக்குள் ஒரு குடுவையும் இரண்டு கிண்ணங்களும் பொறித்திருந்தால் பக்கரா. H, P என்ற எழுத்துகள் பின்னியிருந்தால் பொஷே. பக்கராவுக்கு விலை கூட. என்னுடையது பக்கரா. ஆனால் மூடி அசையவே இல்லை, உள்ளே அரை விரல் உயரத்துக்குக் கறுத்த பாகு.

மண்டபத்தில், உள்ளூர் ஆலையின் மூடி தேய்க்கும் பகுதியில் வேலை செய்த ஒரு வயதான அம்மாவிடம் அதைக் கொடுத்தேன். முதலில், "பக்கராவா? எங்கள் கண்ணாடி மட்டும் என்ன குறைச்சல், மிசியே?" என்று சிரித்தார். பிறகு விளக்கினார். இந்த மாதிரிப் போத்தல்களில் கழுத்தின் உட்புறத்தையும் மூடியின் தண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேய்த்து எடுப்பார்கள். அதனால்தான் ஒரு போத்தலின் மூடி இன்னொன்றுக்குச் சரிவராது, மாறிப்போகாமலிருக்க இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறிவிடுவார்கள். அந்த நெருக்கத்தில் சென்ட் உலர்ந்து பிசினானால் ஒட்டிக்கொள்ளும். "சுடுதண்ணீரில் வைக்காதே, கண்ணாடி வெடிக்கும். முறுக்கவும் கூடாது, தண்டு உடைந்து உள்ளே நின்றுவிடும். கழுத்தை மட்டும் சூடாக்கு, நூலால்."

ஒருவேளை திறக்காத போத்தலாக இருந்திருந்தால் இந்த வேலையே தேவையில்லை. கழுத்தில் மெல்லிய சவ்வைப் போர்த்தி நூலால் சுற்றிக் கட்டுவதை 'போத்ரூஷாஜ்' என்பார்கள். அந்தக் கட்டு அவிழாமல் இருந்தால் அதைத் தொடவே கூடாது, விலையே அதில்தான். என்னுடையதில் நூல் எப்போதோ போய்விட்டது.

வீட்டில் செய்து பார்த்தேன். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் கிளிசரின் ஒரு துளி விட்டு ஒரு நாள் வைத்தேன். லேபல் நனையாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றினேன். மனைவி போத்தலைத் துணியோடு மேசையில் அழுத்திப் பிடிக்க, தடித்த பருத்தி நூலைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, தயிர் கடைவது போல இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தேன். உரசலில் கழுத்து சூடாகிச் சற்று விரியும், உள்ளே இருக்கும் தண்டு குளிராகவே இருக்கும். இடையிடையே மரக்கரண்டிக் காம்பால் மூடியை இரு பக்கமும் மெல்லத் தட்டினேன். கை நோகத் தொடங்கிய நேரம் 'டிக்' என்று ஒரு சத்தம். மூடியைச் சுற்றி மயிரிழை அளவு ஈரக்கோடு தெரிந்தது. அப்புறம் விரலாலேயே தூக்கி எடுக்க முடிந்தது.

வனிலாவும் புகையும் கலந்த வாசனை குசினி முழுக்க. மேல்வாசனை எப்போதோ போய்விட்டது, அடியில் இருந்தது அப்படியே நிற்கிறது. தண்டின் அடியில் 47, போத்தலிலும் 47. அற்ககோல் விட்டு அலசி, மூடியையும் போத்தலையும் தனித்தனியாகக் காய வைத்திருக்கிறேன். ஈரத்தோடு மூடினால் கண்ணாடி உள்ளே புகைபிடித்த மாதிரி மங்கிவிடும், அது பிறகு போகாது.

மண்டபத்தில் ஒருவர் 'லேர் து தோம்' என்ற சென்ட்டின் போத்தல் ஒன்று வைத்திருந்தார், மார்க் லலிக் 1951இல் வடிவமைத்த இரட்டைப் புறா மூடியோடு. புதியவற்றில் பல பிளாஸ்டிக் புறா. இது கன்னத்தில் வைத்தால் சில்லென்ற கண்ணாடி, இறகு நுனிகூட உடையவில்லை. மூடி திறந்தால் ஷலிமாருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். திறந்துவிட்டது என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.