பெல்லட் கிரில்லுக்குக் குளிர்கால ஓய்வு: மூன்று சனிக்கிழமை வேலை

போன ஏப்ரலில் பட்டதைச் சொன்னால்தான் இந்த வருஷம் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்பது புரியும்.

அமெரிக்காவின் வடக்கு மாநிலமான மினசோட்டாவில் பனி உருகி, டெக்கில், அதாவது வீட்டை ஒட்டிய மரத் திண்ணையில், கால் வைக்க முடிந்த முதல் வாரம் அது. ஐந்து மாதம் மூடிக் கிடந்த கிரில்லைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். விசிறி ஓடியது, பற்றவைக்கும் கம்பி சூடேறியது, தீ மட்டும் வரவில்லை. ஹாப்பரில், அதாவது எரிபொருள் கொட்டும் பெட்டியில், பாதி பெல்லட்டோடு அப்படியே உறை போட்டு மூடியிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சி. 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், பார்த்தால் மாட்டுத்தீவனம் மாதிரிதான். மரத்திலேயே இருக்கும் லிக்னின் அழுத்தத்திலும் சூட்டிலும் இளகித் தூளைப் பிடித்துக்கொள்கிறது. ஈரம் பட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும், குச்சி ஊதிப் பழையபடி தூளாகிவிடும். ஹாப்பரில் ஊதினால் அள்ளிப் போட்டுவிடலாம். ஹாப்பரிலிருந்து தீக்கிண்ணத்துக்குப் பெல்லட்டைத் தள்ளிக்கொண்டு போகும் திருகு இருக்கிறதே, ஆகர், அதன் குழாய்க்குள் ஊதினால் விரிய இடமில்லை. சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

எனக்கு ஆனது அதுதான். ஆகரையும் மோட்டாரையும் சேர்க்கும் சின்ன ஆணி முறிந்திருந்தது. மோட்டார் எரியாமல் இருக்கத்தான் அந்த ஆணி முதலில் முறிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஹாப்பரின் பக்கத் தகட்டைக் கழற்றி, மோட்டாரைப் பிரித்து, பைப் ரெஞ்ச் போட்டு ஆகரைப் பின்பக்கமாகத் திருப்பித் திருப்பி வெளியே இழுக்க இரண்டு நாள் ஆனது. யாருக்காவது இப்படி அடைத்துக்கொண்டால் இளக்கலாம் என்று தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், இன்னும் ஊதும். நீளமான ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி எடுப்பதுதான் வழி.

அக்டோபர் 11

சீசனின் கடைசிச் சமையல். கோழித் தொடை, தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி முந்தின இரவே ஊறவைத்தது. வெந்ததும் கிரில்லை ஆறவிட்டு, ஹாப்பரில் மிச்சமிருந்த பெல்லட்டைக் கரண்டியால் அள்ளினேன். புது மாடல்களில் பின்னால் ஒரு கதவு இருக்கிறது, திறந்தால் எல்லாம் கொட்டிவிடும். என்னுடையது பழசு. மூலையில் ஒட்டியிருந்த தூளை ஷாப் வேக் என்கிற பட்டறை வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சினேன்.

இதோடு நிறுத்தினால் ஆகர் குழாய்க்குள் ஒரு சாண் நீளத்துக்குப் பெல்லட் தங்கிவிடும். போன வருஷம் என்னைப் படுத்தியது அந்த ஒரு சாண்தான். அதனால் காலி ஹாப்பரோடு மறுபடி பற்றவைத்து 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓடவிட்டேன். கொழுப்புத் தட்டு இன்னும் கழுவவில்லை, அதற்கு மேல் வைத்தால் கொழுப்பு தீப்பிடிக்கும். உள்ளே இருந்தது எரிந்து தீர்ந்ததும் தீ தானாக அணைந்தது. வெப்பம் இறங்கிவிட்டதாகத் திரையில் எச்சரிக்கை வந்தது, அது வரத்தான் செய்யும். டார்ச் அடித்துப் பார்த்தேன், திருகு மட்டும் தெரிந்தது. அவ்வளவு நிம்மதி.

அக்டோபர் 18

சுத்தம் செய்யும் நாள். ஒரு வாரம் ஆறிய சாம்பல் என்பதால் ஷாப் வேக் பயமில்லாமல் போட்டேன். முந்தின நாள் சமைத்த சாம்பலில் கங்கு ஒளிந்திருக்கலாம், வேக்குக்குள் போனால் அதுவே தீயாகிவிடும்.

சாம்பலை ஏன் ஒரு துளி விடாமல் எடுக்க வேண்டும் என்பதற்கு எங்கள் பாட்டி பாத்திரம் விளக்கியதுதான் விளக்கம். விறகுச் சாம்பலில் காரம் உண்டு, ஈரம் சேர்ந்தால் எண்ணெய்ப் பிசுக்கையே எடுக்கும். அதே சாம்பல் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தீக்கிண்ணத்தின் அடியில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடு துருப்பிடிக்கும்.

கொழுப்புத் தட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தேன், கொழுப்பு வாளியைக் காலி செய்தேன். புகைபோக்கி மூடியில் தார் மாதிரி கரி, அதையும் சுரண்டினேன். வெப்பம் அளக்கும் கம்பியை மட்டும் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். இறைச்சி வைக்கும் கம்பித் தட்டிகள் எனாமல் பூசியவை, கம்பி பிரஷ் வைத்தால் பூச்சு போய்விடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, கனோலா எண்ணெய் தொட்டும் தொடாமலும் தடவினேன். தாராளமாகத் தடவினால் சிக்கு வாடை அடித்துப்போகும்.

அக்டோபர் 25

ஹாலோவீனுக்குள், அதாவது அக்டோபர் 31-க்குள், முடித்துவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இங்கே பழைய ஆட்கள் எல்லாருக்கும் 1991 ஹாலோவீன் பனிப்புயல் நினைவில் இருக்கிறது. மினியாபொலிஸில் 28.4 அங்குலம் கொட்டியது.

டெக்கிலேயே விடுவதா, கராஜுக்குக் கொண்டுபோவதா என்று ரொம்ப யோசித்தேன். உறை மழையைத் தடுக்கும், ஆனால் இறுக்கமாகக் கட்டினால் உள்ளே வியர்த்து அந்த ஈரமே துருவாகிறது. கராஜ்தான் சரி என்று முடிவு செய்து, மகனும் நானும் உருட்டிக்கொண்டு போனோம். கராஜில் வைப்பது மட்டும்தான், கதவு திறந்திருந்தாலும் அங்கே பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கராஜில் கவலை எலிதான். கட்டைவிரல் நுழையாத ஓட்டையிலும் சுண்டெலி நுழைந்துவிடும், கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். புகைபோக்கியிலும் கொழுப்பு வடியும் குழாயிலும் இரும்புக் கம்பிச் சுருளைத் திணித்தேன். பிளக்கைச் சுருட்டி மேலே கட்டிவைத்தேன்.

அள்ளிய பெல்லட்டில் ஒன்றை ஒடித்துப் பார்த்தேன், டக்கென்று சத்தத்தோடு ஒடிந்தது. ஈரம் ஏறியிருந்தால் சத்தமில்லாமல் பிட்டு மாதிரி உதிரும். ஐந்து கேலன் வாளியில் கொட்டி, ரப்பர் வளையம் உள்ள திருகு மூடி போட்டு, தரையில் வைக்காமல் அலமாரியில் ஏற்றிவிட்டேன். கான்கிரீட் தரை ஈரம் ஏற்றும்.

“ஏப்ரல்ல இதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?” என்று கேட்டபடி மனைவி மாஸ்கிங் டேப்பையும் பேனாவையும் நீட்டினாள். ஹாப்பர் மூடிமேல் எழுதி ஒட்டினேன்: “புகைபோக்கியிலும் கொழுப்புக் குழாயிலும் கம்பிச் சுருள். எடுத்த பிறகே சுவிட்ச்.”