மாமா கூடுதலாக உள்ளே இருந்த மூன்று ராத்திரி

ரசீதில் மணி அச்சாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.12. தொகை 1,800 ரிங்கிட், மாமாவுக்கு நீதிமன்றம் போட்ட அபராதம். முகப்பிடத்தை விட்டு நகரும் முன்பே அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன், "கட்டியாச்சும்மா, மாமா இன்னைக்கு வந்துருவாரு" என்று. மாமா வீட்டுக்கு வந்தது திங்கட்கிழமை சாயங்காலம்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். ஜெயிலுக்குப் போன கதையை ஊர் பூரா சொல்லணுமா என்று அத்தை கேட்டார். மாமாவிடமே கேட்டேன். "பேரப் போடாத, மத்தத எழுது" என்றார். அதனால் பேர் இல்லை, எந்த நீதிமன்றம், எந்தச் சிறை என்பதும் இல்லை. மலேசியாவில், பினாங்கில் இருக்கிறோம், அது போதும்.

முதலில் ஒன்று. மாமா செய்தது தப்பு. அடுக்குமாடிக்குக் கீழே மோட்டார் நிறுத்துகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்ச்சண்டை, அது கைகலப்பாகி அவருக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். அவர் போலீசில் புகார் கொடுத்தார், கொடுக்க வேண்டியதுதான். தண்டனைச் சட்டம் 323ஆவது பிரிவு, வேண்டுமென்றே காயம் விளைவித்தல். ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். மாமா முதல் நாளே ஒப்புக்கொண்டார். 1,800 ரிங்கிட் அபராதம், கட்டத் தவறினால் இரண்டு மாதச் சிறை என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் குறையெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

அன்று எங்கள் கையில் 650 ரிங்கிட் இருந்தது. மாமா பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் சுமை தூக்குகிறவர், நாள் சம்பளம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே மாதத்துக்கு 1,700 ரிங்கிட் என்றால் 1,800 என்பது ஒரு மாத உழைப்புக்கும் மேலே. முகப்பிடம் மூடுவதற்குள் மீதி 1,150ஐப் புரட்ட முடியவில்லை. மதியத்துக்கு மேல் கைவிலங்கோடு லாரியில் ஏற்றினார்கள். காலில் கிடந்த செருப்பின் வார் ஏறும்போது அறுந்துவிட்டது, ஒரு செருப்பு கீழேயே விழுந்து கிடந்தது. அத்தை ஓடிப்போய் எடுத்தார், கொடுக்க விடவில்லை. அந்த ஒற்றைச் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறியது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தான் நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 283ஆவது பிரிவு. அபராதம் கட்ட நீதிமன்றம் அவகாசம் தரலாம். தவணையில் கட்டச் சொல்லலாம். எல்லாம் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. ஆனால் கேட்டால்தானே கிடைக்கும்? கூண்டில் நிற்கிற ஆளுக்கு அப்படி ஒன்று கேட்கலாம் என்பதே தெரியாது. எங்களுக்கும் தெரியாது. வழக்கறிஞர் வைக்கவில்லை, ஒப்புக்கொள்ளப் போகிற வழக்குக்கு எதுக்கு வழக்கறிஞர் என்று நினைத்தோம். தேசியச் சட்ட உதவி அறவாரியம் என்று ஒன்று 2012 முதல் இயங்குகிறது, வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருகிறார்கள். அதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் வாயைத் திறந்து கேளுங்கள், மலாயில் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரிடம் தமிழிலேயே சொல்லுங்கள்: கட்டுகிறேன், அவகாசம் வேண்டும், தவணை வேண்டும்.

சரி. பன்னிரண்டாவது நாள் பணம் சேர்ந்தது. அத்தையின் வளையல் அடகுக்கடைக்குப் போய் 700, அம்மா கொடுத்தது 450, முதலிலேயே இருந்த 650. ஆலோங்கிடம், அதாவது அநியாய வட்டிக்காரரிடம், போகலாம் என்று ஒருவர் சொன்னார், நல்லவேளை போகவில்லை. முழுசாக 1,800ஐக் கட்டினேன். இங்கே இன்னொன்று. அதே சட்டத்தின்படி, கட்டாததற்காக உள்ளே இருக்கும் காலம் விகிதப்படி கழியும். மீதி நாளுக்குரிய பணத்தைக் கட்டினாலே சிறை முடிவுக்கு வந்துவிடும். அறுபது நாளில் பன்னிரண்டு நாள் போய்விட்டது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 1,800இல் 360 கழிய வேண்டும். நான் 1,440 கட்டியிருந்தாலே போதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எத்தனை நாள் ஆச்சு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வளையலில் பாதி மிஞ்சியிருக்கும்.

வெள்ளிக்கிழமை 3.12க்குப் பணம் கட்டியாகிவிட்டது. விடுவிக்கச் சொல்லும் கடிதம் சிறைக்குப் போக வேண்டும். சிறையில் கேட்டால் கடிதம் வரவில்லை என்கிறார்கள், நீதிமன்றத்தில் கேட்டால் அனுப்பியாச்சு என்கிறார்கள், அதற்குள் அலுவலக நேரம் முடிந்துவிட்டது. சனி, ஞாயிறு. சிறை வாசலில் ரசீதைக் காட்டினேன், அங்கே இருந்தவர் உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார், இந்தக் காகிதத்தை வைத்து என்னால் கதவைத் திறக்க முடியாது தம்பி என்று. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பணத்தை வாங்கிக்கொண்ட இடமும் ஆளை வைத்திருக்கிற இடமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதது அந்த மனிதரின் குற்றமா?

எனக்குப் புரிந்தவரை கோளாறு இங்கேதான் இருக்கிறது. அபராதம் நீதிமன்றத்தின் விஷயம். கட்டுகிற பணம் அரசாங்கத்தின் ஒருங்கிணைந்த நிதிக்குப் போகிறது. ஆள் சிறைத் துறையின் பொறுப்பு, சிறைத் துறை உள்துறை அமைச்சின் கீழ். ஆக, பணம் ஒரு கணக்கில், மனிதன் இன்னொரு கணக்கில். கட்டப்படாத அபராதம் எவ்வளவு என்று கேட்டால் ஓரிடத்தைக் கை காட்டுவார்கள், அதற்காக உள்ளே கிடப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் வேறோர் இடம், அவர்களுக்குச் சோறு போட்டுக் காவல் வைக்க எவ்வளவு செலவானது என்று கேட்டால் இன்னோர் இடம். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி மக்களவையில் வைக்க ஓர் அமைச்சர் பொறுப்பேற்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை. நான் கேட்பது இவ்வளவுதான்.

ஏனென்றால் இது வெறும் பரிதாபக் கதை இல்லை, வரிப்பணம். 1,800 ரிங்கிட் வரவில்லை என்பதற்காக ஒருவரை அறுபது நாள் வைத்திருந்தால் அரசாங்கத்துக்கு அந்த 1,800உம் இல்லை, அறுபது நாள் செலவும் மேலே. அந்த ஆள் வேலையையும் இழக்கிறார். மாமாவின் இடத்துக்கு ஐந்தாவது நாளே வேறு ஆள் வந்துவிட்டார்.

உள்ளே எப்படி இருந்தது என்று மாமா அதிகம் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னார்: ஒருக்களித்துத்தான் படுக்க முடியும், ஒருத்தன் திரும்பினால் வரிசையே திரும்ப வேண்டும். ராத்திரி யாராவது எழுந்து போய்விட்டு வந்தால் அவனுக்கு இடமே இருக்காதாம், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பானாம். மாமாவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறது. மாத்திரை கைக்கு வந்தது நான்காவது நாள். நம் சிறைகளில் கொள்ளளவைவிட ஆட்கள் அதிகம் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது, அதற்காகத்தான் 2008இல் பரோல் வந்தது, பிரதமர் அன்வார் 2025 வரவு செலவுத் திட்ட உரையில் வீட்டுக்காவல் சட்டம் கொண்டுவரப்படும் என்று சொன்னதும் இந்த நெரிசலை வைத்துத்தான். நல்லது. ஆனால் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் யாரை வெளியே விட வேண்டும்? யாரையும் கொல்லாத, கொள்ளையடிக்காத, கையில் 1,150 ரிங்கிட் குறைந்ததால் மட்டுமே உள்ளே இருக்கிறவரைத்தானே?

உள்ளே ஏதாவது நடந்தால் யாரிடம் போவது என்பது அடுத்த கேள்வி. போலீசார் மீதான புகார்களுக்கு என்று 2023 ஜூலையில் ஓர் ஆணையம் வந்தது, அது போலீசுக்கு மட்டும், சிறைக்கு இல்லை. சிறைக்கு, 1995ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி நியமிக்கப்பட்டு, சிறையை வந்து பார்வையிடும் வருகை நீதிபதிகள் இருக்கிறார்கள், மனித உரிமை ஆணையமான சுஹாகாம் இருக்கிறது. 2025 ஜனவரி 17 அன்று தைப்பிங் சிறையில் ஒரு கைதி இறந்த பிறகு சுஹாகாம் பொது விசாரணை நடத்தியது. ஓர் உயிர் போன பிறகு நடந்த விசாரணை அது. மாத்திரை நான்காவது நாள் வந்ததற்கு யாரும் விசாரணை வைக்க மாட்டார்கள், ஆனால் எழுதிப்போட ஒரு புத்தகமாவது, அதைப் படித்துப் பதில் சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா?

ஒரு கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு எஸ்.ஆர்.சி. என்ற அரசு நிறுவனத்தின் பணம் பற்றிய ஊழல் வழக்கில் 2020இல் 12 ஆண்டு சிறையும் 210 மில்லியன் ரிங்கிட் அபராதமும் விதித்தார்கள். 2024இல் கூட்டரசுப் பிரதேச மன்னிப்பு வாரியம் சிறையை ஆறு ஆண்டாகவும் அபராதத்தை 50 மில்லியனாகவும் குறைத்தது. அந்த 50 மில்லியனைக் கட்டாவிட்டால் கூடுதலாக ஓராண்டு. அந்த வழக்கின் சிறை முடிவது 2028 ஆகஸ்டு 23க்குப் பதிலாக 2029 ஆகஸ்டு 23. இதை நாளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 137,000 ரிங்கிட் கழிகிறது. மாமாவுக்கு? 1,800ஐ அறுபதால் வகுத்தால் முப்பது. ஒரு நாளுக்கு முப்பது ரிங்கிட். நஜிப்பின் தண்டனை அவருக்கு, அதைப் பற்றி நான் பேசவில்லை. ஒரே நாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு மனிதனின் ஒரு நாளுக்கு வைக்கப்படும் விலை இப்படி இருக்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

சாலைச் சம்மன், அதாவது போலீஸ் தரும் போக்குவரத்து அபராதச் சீட்டு, கட்டாதவர்களைப் பார்த்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஆண்டு தள்ளுபடி. 2026 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்குள் கட்டினால் பாதிக்குப் பாதி கழிவு என்று முறையாகவே கொண்டுவந்துவிட்டார்கள். நீதிமன்ற அபராதம் வேறு, போலீஸ் சம்மன் வேறு, தெரியும். ஆனால் கட்ட முடியாதவரிடம் எப்படி வசூலிப்பது என்று யோசிக்க அரசாங்கத்துக்குத் தெரிகிறது, கார் வைத்திருப்பவர்கள் விஷயத்தில் யோசிக்கவும் செய்கிறது.

வழியும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1954லேயே ஒரு சட்டம் இருக்கிறது, குற்றவாளிகள் கட்டாய வருகைச் சட்டம். மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைக்கு உரியவரையும், அபராதம் கட்டாததால் உள்ளே போக வேண்டியவரையும் சிறைக்கு அனுப்பாமல், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் வரை பொது வேலைக்கு வரச் சொல்லலாம். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். தண்டனைக்காக வேலை வாங்குவது பினாங்குத் தீவுக்குத் தெரியாத ஒன்றல்ல. 1818இல் கட்டி முடித்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமே இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான். அது கொடுமை. இது அப்படியல்ல. மாமாவைக் காலை நான்கு மணி நேரம் சந்தைக்குப் பின்னால் கூட்டச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் கூட்டியிருப்பார், மத்தியானம் கிடங்குக்கும் போயிருப்பார். எழுபது ஆண்டுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருப்பதை அன்று அந்த அறையில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

மாமாவுக்கு இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது, ஒரு சாப்பாட்டுக் கடையில், சம்பளம் கொஞ்சம் குறைவு. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டார், இருவரும் இப்போது மோட்டாரைத் தள்ளித் தள்ளி நிறுத்திக்கொள்கிறார்கள். வளையல் இன்னும் அடகில்தான்.

கட்டின பிறகும் உள்ளே இருந்தது மூன்று ராத்திரி. வெள்ளி, சனி, ஞாயிறு. நாளுக்கு முப்பது என்று சட்டமே விலை வைத்திருக்கிறது, அப்படியானால் 90 ரிங்கிட். அதைத் திருப்பித் தாருங்கள் என்று இரண்டு இடத்துக்கும் கடிதம் எழுதி, ரசீதின் நகலை இணைத்து, போன வாரம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். கடிதத்தை மலாயில் எழுத எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. கையெழுத்துப் போட்டது மாமா.