டீசல் காரில் இழுவை குறைந்தால் டர்போவை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

டெல்டாவில் டீசல் கார் ஓட்டுபவருக்கு வண்டியின் இழுவை குறைந்திருப்பது எளிதில் புலப்படுவதில்லை. தஞ்சாவூரிலிருந்து அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகக் கும்பகோணம் வரை சாலை ஏறக்குறைய மட்டமாகவே செல்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போவதும் வழக்கம் என்பதால், இன்ஜினிடம் முழுத் திறனையும் கேட்கும் சந்தர்ப்பமே அரிது. எங்கள் காரின் கோளாறு திருச்சி போகும் வழியில் வல்லம் மேட்டில்தான் வெளிப்பட்டது. நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தும், இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றுகளைத் தொடும்போது வழக்கமாக வரும் உந்துதல் வரவேயில்லை. பின்னால் வந்த சரக்கு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திச் சென்றது.

முதலில் காட்டிய பணிமனையில் பானெட்டைத் திறந்து பார்த்த சில நிமிடங்களிலேயே, "டர்போ போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்லிப் பல பத்தாயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி. எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால், டீசல் வண்டிகளில் நெடுங்காலம் பழகிய வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் எந்த உதிரிபாகத்தையும் வாங்கச் சொல்லாமல், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்.

கிளட்ச் தேய்ந்து வழுக்கினால் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் விர்ரென்று ஏறும், வேகம் மட்டும் ஏறாது. எங்கள் வண்டியில் இரண்டுமே சேர்ந்து மெதுவாக ஏறின. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஓட்டி நிறுத்தியதும் அந்தச் சக்கரத்தில் அனல் வீசும், அதுவும் இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது மடிப்புகளுக்குள் நெல் சுணையும் பதரும் அப்பியிருந்தன. அறுவடை இயந்திரங்கள் ஓடும் தை, மாசி மாதங்களில் இங்கே கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருப்பது சரிவராது என்பது என் கருத்து. புது ஃபில்டர் போட்டதில் சிறிது தெளிவு கிடைத்தது என்றாலும் மேட்டில் இழுக்கும் பலம் திரும்பவில்லை. டீசல் ஃபில்டரின் அடியில் நீர் வடித்துப் பார்த்ததும் சுத்தமாகவே இருந்தது. (டீசலில் ஊற்றும் பாட்டில் மருந்தை அவர் சிபாரிசு செய்யாதது எனக்குப் பிடித்திருந்தது.)

பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டர் பதிவுகளைப் படிப்பதற்கென்று உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். பி0299 என்ற குறியீடு பதிவாகியிருந்தது. டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்பதே அதன் பொருள். அழுத்தம் ஏன் வரவில்லை என்பதை அது சொல்லாது. இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டபோது இன்டேக் அழுத்தம், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், 101 கிலோபாஸ்கல் காட்டியது. கடல்மட்டத்தை ஒட்டிய நம் பகுதியில் வெளிக்காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் என்பதால் சென்சார் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. முழு மிதியில் ஓட்டும்போது 200ஐத் தாண்ட வேண்டிய அந்த எண் 120ஐ ஒட்டியே நின்றது. காற்று குறைவாக வந்தால் புகை கக்காமலிருக்க இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துவிடும். மந்தத்திற்குக் காரணம் அதுவே.

எங்கள் இன்ஜினில், டர்போவுக்குள் புகையின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் இதழ்களை நகர்த்துவது ஒரு வேக்குவம் ஆக்சுவேட்டர். இன்ஜினின் வேக்குவம் பம்பு குழாய் வழியாகத் தரும் உறிஞ்சலால் கம்பியை இழுக்கும் சிறு கருவி அது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கம்பி மேலே இழுபட வேண்டும், அசையவேயில்லை. கைப்பம்பை நேரடியாக ஆக்சுவேட்டரில் மாட்டி 500 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சியபோது கம்பி தடையின்றி ஏறி அப்படியே நின்றது. ஆகவே ஆக்சுவேட்டரின் ஜவ்வும் டர்போவின் இதழ்களும் நன்றாக இருந்தன. குறை அதற்கு முந்தைய குழாய்களில். பேட்டரியின் பின்புறம் காதைக் கொண்டுபோனபோது குக்கரில் வெயிட் எழும்புவதற்கு முன் வரும் சீற்றம்போல் மெல்லிய ஓசை கேட்டது. பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால், வைக்கோல் துணுக்குகளும் உமியும் குவிந்த சிறு கூடு. அதன் ஓரமாகப் போன பென்சில் பருமனான ரப்பர் குழாயில் இரட்டைப் பல் தடங்களோடு ஒரு பக்கம் கொறிக்கப்பட்டிருந்தது. கதிர் அறுத்ததும் வயலில் இரை குறைய, எலிகள் வரப்பு வளையை விட்டு வீட்டுப் பக்கம் வருகின்றன. இன்ஜினின் கதகதப்பு அவற்றுக்கு வசதியாகிவிடுகிறது.

வேக்குவத்துக்கென்று விற்கும் குழாயை அளவு பார்த்து வாங்கிப் போட்டோம். செலவு சில நூறு ரூபாய். அவசரத்துக்கு மீன்தொட்டிக் குழாயை மாட்டிவிடுபவர்கள் உண்டு. அது சூட்டில் இளகி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். அதே வேக்குவம் பம்புதான் பிரேக் பூஸ்டருக்கும் உறிஞ்சல் தருகிறது என்பதால், இழுவைக் குறைவோடு பிரேக் மிதியும் கெட்டியானால் வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே நல்லது. குறியீட்டை அழித்துவிட்டு வல்லம் மேட்டில் மீண்டும் ஏற்றிப் பார்த்தபோது அழுத்தம் 210 வரை போனது.

புதுக் குழாயின் மேல் நெளிவு பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கிறோம். கார் நிற்கும் கொட்டகையில் வைக்கோல் அடுக்குவதை நிறுத்திவிட்டு, எலி பிடிக்க வயலில் வைக்கும் மூங்கில் கிட்டிகளில் இரண்டைச் சுவரோரம் வைத்தோம். அவற்றில் எலிகள் விழுகின்றன. என்றாலும் உளுந்து எடுத்து முடியும்வரை வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பேட்டரியின் பின்புறத்தைப் பார்ப்பதை நான் விடுவதாக இல்லை.