மல்லாட்டை எண்ணெயில் சவுக்காரம்

மார்ச் 2, ஞாயிறு

தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு அரைக் கிலோவைச் சோப்பில் ஊற்ற மனசு வரவில்லை. செக்கில் ஆட்டிய மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் வீட்டில் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று, தேங்காய் எண்ணெய்க்கு எழுதி வைத்திருந்த அளவையே எடுத்தேன்: 500 கிராமுக்கு 91 கிராம் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு என்கிற காரம். தண்ணீரில்தான் சோடாவைப் போட்டேன், சோடாமேல் தண்ணீரை ஊற்றவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது. ஆயா அலுமினியக் குண்டானை நீட்டினாள். காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பிவிடும். எவர்சில்வரே போதும் என்றேன்.

"ஒரு வாரம் தாளிக்கிற எண்ணெய்டா இது" என்றாள்.

மார்ச் 4

கட்டியின்மேல் வெள்ளைப் பொடி. மஞ்சள் தண்ணீரில் போட்டால் ஆரத்தி மாதிரி சிவக்கிறது. ஆனால் நல்ல சோப்பும் காரம்தான், அதுவும் சிவக்கவைக்கும். நுனிநாக்கில் லேசாகத் தொட்டேன். சுரீர்! சோடா மிஞ்சிக் கிடக்கிறது, சந்தேகம் தீர்ந்தது.

மார்ச் 5

இரவு கணக்குப் போட்டேன். ஒரு கிளிசரால் மூன்று கொழுப்பு அமிலங்களைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் எண்ணெய் மூலக்கூறு. மூன்றையும் பிரிக்க மூன்று சோடியம் ஹைட்ராக்சைடு. எந்த எண்ணெயானாலும் இது மாறாது. மாறுவது எடை. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். மல்லாட்டையில் பெரும்பாலும் 18. சங்கிலி நீண்டால் மூலக்கூறு கனக்கும். ஒரு கிராமில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறையும். ஆகவே இந்த எண்ணெய்க்கு 68 கிராம் சோடாவே போதும். மீதி 23 கிராம் வெறும் காரமாக உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கட்டியைச் சீவி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, இன்னும் 200 கிராம் எண்ணெய் சேர்த்தேன். இப்போது 700 கிராமுக்கு 95 தேவை, இருப்பது 91. கொஞ்சம் எண்ணெய் மிஞ்சுவது தோலுக்கு நல்லது. ஆயாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஐந்து வாரம் காய்ந்தது. நாக்கில் சுடவில்லை. கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, மல்லாட்டைக்கு அவ்வளவுதான் இறுக்கம். போர் தண்ணீரில் தேய்த்தால் நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி ஏடு. எங்கள் போரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சோடியத்தைத் தள்ளிவிட்டு, கரையாத சோப்பாகிவிடுகின்றன. அவை தீர்ந்த பிறகுதான் நுரை. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் அதே கட்டி நாலு தேய்ப்பில் பொங்கியது.

ஆயா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பழைய புடவையோடு காவிரித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனாள். அம்மா ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள்.