சூரியனைப் பற்றி ஒரு கேள்வி

எங்கள் பௌதிக ஆசிரியர் பாடத்திட்டத்தை விட்டு விலகினால், அநேகமாகச் சூரியனிடம்தான் போவார். 1955 இல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டில் இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா, சூரியனை எரியவைக்கும் அணுக்கரு இணைவை, அதாவது சிறு அணுக்கருக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆற்றல் விடுவதை, கட்டுப்படுத்தி ஆற்றல் எடுக்கும் வழி இருபது ஆண்டுகளுக்குள் கிடைத்துவிடும் என்று சொன்ன கதையை ஒருநாள் எடுத்தார். "அந்த இருபது வருடம் எப்போதோ முடிந்துவிட்டதே, சேர்?" என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன். அவர் சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

சூரியன் தன் எடையாலேயே நடுப்பகுதியை நெரித்து வைத்திருக்கிறது, அதனால் இணைவு நடக்க 1.5 கோடி பாகை செல்சியஸ் அதற்குப் போதும். நமக்கு அந்த எடை கிடையாது. ஆகவே 15 கோடி பாகை வேண்டும். அந்தச் சூட்டில் இருக்கும் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவை, எந்தச் சுவரும் தாங்காது, காந்தப்புலத்தால்தான் பிடித்து வைக்க வேண்டும். அதுவோ குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி, பிடிக்கப் பிடிக்க வழுக்கும். இந்த வழுக்கல் எவ்வளவு பொல்லாதது என்று பாபாவின் காலத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. 1958 இல் பிரித்தானியாவின் ஸீட்டா இயந்திரத்தில் இணைவு நடந்துவிட்டதாக அறிவித்தார்கள். சில மாதங்களில் திரும்பப் பெற்றார்கள்.

அப்புறம் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. 1997 இல் பிரித்தானியாவில் இருந்த ஜெட் (JET) என்ற இணைவு இயந்திரம் 24 மெகாவாட் வெப்பம் வாங்கி 16 மெகாவாட் தந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் எரிபொருள்மீது 2.05 மெகாஜூல் லேசர் ஒளி பாய்ச்சி, இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். ஆனால் அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். சேர் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

என்னைக் கேட்டால், சூடாக்குவதைவிடப் பெரிய தலைவலி எரிபொருள். அது ஹைட்ரஜனின் இரண்டு கனமான வகைகள். அவற்றில் டியூட்டீரியம் கடல்நீரில் தாராளம். ட்ரிட்டியம் இயற்கையில் இல்லையென்றே சொல்லலாம். பன்னிரண்டு வருடத்தில் பாதி அழிந்தும் போகும். எனவே உலையே, சுவருக்குள் வைத்த லித்தியம் என்ற உலோகத்தில், இணைவில் வெளிவரும் நியூட்ரான்களை மோதவிட்டு, தனக்கு வேண்டியதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இதை முழு அளவில் இன்னும் யாரும் செய்து காட்டவில்லை. போதாததற்கு, அதே நியூட்ரான்கள் சுவரின் உலோகத்தையும் சிதைக்கின்றன.

இதையெல்லாம் சோதிக்க ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தலைமுறை போகிறது. ரேகனும் கொர்பச்சேவும் 1985 இல் பேசிய திட்டம் பிரான்ஸில் ஈட்டர் (ITER) என்ற பன்னாட்டுச் சோதனை உலையாக எழும்பிக்கொண்டிருக்கிறது. 2024 இல் அறிவித்த கணக்குப்படி ஆய்வு தொடங்குவதே 2034 இல். அது 500 மெகாவாட் தந்தாலும் அத்தனையும் வெறும் வெப்பம். மின்சாரமாக மாற்றும் ஏற்பாடு அதில் இல்லை. அது அடுத்த இயந்திரத்தின் வேலை.