கீழக்கரையில் நின்று எண்ணிய கணக்கு

பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கை இன்னும் தெருவில் கிடக்கும் நாட்களில்தான் எங்களுக்குக் கணக்கெடுப்பு வரும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. எங்கள் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தனியாகவே எண்ணி வருகிறார்கள். வலசை வந்த பறவைகள் ஓரிடத்தில் தங்கிவிட்ட மாதம் என்பதால், ஒன்றையே இரண்டு குளத்தில் எண்ணிவிடும் ஆபத்து ஜனவரியில் குறைவு.

களப்பணிக்குச் சேர்ந்த முதல் வருஷம், விடியற்காலையில் மேலக்கரையில் போய் நின்றேன். சூரியன் ஏறியதும் தண்ணீரெல்லாம் ஒரே தகதகப்பு. பறவைகள் கரும்புள்ளிகளாகத்தான் தெரிந்தன. வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார்.

“ஏ தம்பி, இங்க நின்னா வெயிலு கண்ணுல அடிக்கும்லா. கீழக்கரைக்குப் போ.”

“சரி அண்ணாச்சி” என்று அரை மைல் கரையைச் சுற்றி ஓடினேன். இன்றுவரை புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. நாமக்கோழியை யாரும் கேட்பதில்லை. ஆனால் எண்ணிப் பழக அதைவிட நல்ல பறவை கிடையாது. கரிய உடம்பு, நெற்றியில் சுண்ணாம்பு தீட்டியதுபோல வெள்ளை நாமம், கூட்டமாக மிதக்கும். பத்தை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, கூட்டம் முழுக்க அந்த அளவை வைத்துக்கொண்டே போக வேண்டும். அன்று இருநூற்றிச் சொச்சம் என்று எழுதி முடித்த நேரம், சேற்றுப் பருந்து ஒன்று தாழப் பறந்தது. சம்பைப் புதருக்குப் பின்னாலிருந்து இன்னொரு கூட்டம் தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடி வந்தது. நான் எண்ணியதைப் போல ஒரு மடங்கு! எழுதியதை அடித்துவிட்டு, அவை அடங்கும்வரை காத்திருந்து மறுபடி எண்ணினேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அடுத்த மாதம் போனபோது குளம் உபரித் தண்ணீர் வழியும் மறுகால் மட்டத்துக்கு நிறைந்து கிடந்தது. பவளக்கால் உள்ளான் ஒன்றுகூட இல்லை. ஒரு சாண் தண்ணீரில் நின்று மேயும் பறவைக்கு அங்கே என்ன வேலை? படிவத்தில் பூஜ்யம் என்று எழுதினேன். மேல்பொறுப்பில் இருந்தவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. “போன வருஷக் கணக்கை ஒட்டி ஏதாவது போடுங்களேன்” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பூஜ்யம் பறவை அழிந்ததைச் சொல்லவில்லை, குளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதைச் சொல்கிறது. இல்லாத பறவையை எழுதிவிட்டால், நாளை உண்மையிலேயே குறையும்போது எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பூஜ்யத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் “குளம் நிறைந்துள்ளது, சேறு தெரியவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வயலுக்குத் தண்ணீர் போகப் போக, மாசிக் கடைசியில் மடையோரம் சேறு தெரிய ஆரம்பித்தது. வேறு வேலையாக அந்த வழியே போனவன் வண்டியை நிறுத்தினேன். சிவந்த கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கீழக்கரைக்குப் போய் நின்று எண்ணினேன். முப்பத்து நாலு. படிவத்தில் ஏறாத அந்தக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது.